விண்வெளி வரை போன ஜீப்ரா மீன்: சொந்த ஊர் ஓடையில் அதை யாராவது பார்க்கிறோமா?

2024 ஏப்ரலில் சீனாவின் ஷென்சோ-18 விண்கலம் மூன்று வீரர்களோடு கிளம்பியது. அவர்களோடு நான்கு குட்டி மீன்களும் போயின. மூடிய சின்னத் தொட்டிக்குள் கொஞ்சம் நீர்ச்செடி, நாலு மீன், அவ்வளவுதான். எடையில்லாத இடத்தில் முதுகெலும்புள்ள ஓர் உயிர் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பதற்காக அனுப்பப்பட்டவை அவை. மீனின் பெயர் ஜீப்ரா மீன். அந்த இனத்துக்கு விண்வெளி புதுசும் இல்லை. 1976-லேயே சோவியத் யூனியனின் சல்யூட்-5 நிலையத்துக்குப் போய்வந்த இனம்.

இந்த மீனுக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? பிஹாரின் கோசி ஆறு, மேற்கு வங்கத்தின் நதியா, கூச் பிஹார், அசாமின் ஓடைகள், வங்கதேசத்தின் நெல் வயல் வாய்க்கால்கள். அதாவது, நம்ம பக்கத்து மீன்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வகங்களில் இதைத் தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஆனால் அது இயற்கையாக வாழும் ஓடையில் போய்ப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. இந்த இடைவெளி ஏன் முக்கியம்? விரல் நுனி அளவு மீன்களைத் தூண்டிலில் பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடும் ‘மைக்ரோஃபிஷிங்’ இதில் உதவுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது என்ன மீன்?

அறிவியல் பெயர் தானியோ ரேரியோ. கெண்டை வகையறாவைச் சேர்ந்த நன்னீர் மீன். வளர்ந்த மீனே 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். வெள்ளி, பொன் நிற உடம்பில் கருநீலக் கோடுகள் தலைப் பக்கத்திலிருந்து வால் துடுப்பு வரை நீளவாக்கில் ஓடும். ‘ஜீப்ரா’ என்ற பெயர் இந்தக் கோடுகளால் வந்தது. வாயோரம் இரண்டு ஜோடி குட்டி மீசை. வாய் கொஞ்சம் மேல் நோக்கி இருக்கும், ஏனென்றால் தண்ணீரின் மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் இரை தேடும் மீன் இது.

ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்தவர். கங்கை ஆற்றுப் பகுதி மீன்களைப் பற்றி 1822-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான் இந்த மீன் முதன்முதலாக அறிவியல் பெயரோடு பதிவானது. இடம்: கோசி ஆறு.

‘தானியோ’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யம். ‘நெல் வயலைச் சேர்ந்தது’ என்று பொருள்படும் வங்காளச் சொல்லான ‘தானி’யிலிருந்து வந்தது என்பார்கள். வங்காளத்தில் ‘தான்’ என்றால் நெல். நம்முடைய ‘தானியம்’ என்ற சொல்லுக்கும் வேர் அதுதான். இந்த மீன் எங்கே வாழ்கிறது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

உலகத்து லேப்களில் இதுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

மூன்று காரணங்கள். ஒன்று, முட்டையும் கருவும் கண்ணாடி மாதிரி இருக்கும். கருவுற்ற ஒரு நாளைக்குள் இதயம் துடிப்பதை உயிரோடு பார்க்கலாம். இரண்டு, சுமார் மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். மூன்று, மனிதரோடு இருக்கும் மரபணு உறவு. 2013-ல் இதன் மரபணுத் தொகுப்பு ‘நேச்சர்’ இதழில் வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு ஜீப்ரா மீனில் ஓர் இணை இருப்பது தெரிந்தது.

இதயத்தின் கீழறையில் சுமார் 20 சதவீதத்தை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்று 2002-ல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மாரடைப்புக்குப் பிறகு மனித இதயம் ஏன் இப்படிச் செய்வதில்லை என்ற கேள்விக்கு விடை தேடும் பலர், இந்த மீனிடம்தான் தேடுகிறார்கள்.

ஆய்வக மீனாக இதை நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 1981-ல் இந்த மீனைக் குளோன் செய்து காட்டினார். அவர் மீன்களை எங்கிருந்து வாங்கினார்? உள்ளூர் வளர்ப்பு மீன் கடைகளில். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ‘ஏபி’ என்ற ஆய்வக வம்சத்தின் தொடக்கம் அந்தக் கடை மீன்கள்தான். இந்தச் சின்னத் தகவலை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, இயற்கையில் எப்படி வாழ்கிறது?

ஆழம் குறைந்த, பெரும்பாலும் மெதுவாக ஓடுகிற தெளிந்த தண்ணீர் இதற்குப் பிடிக்கும். ஓடையின் ஓரம், நெல் வயல், வாய்க்கால், வெள்ளம் வடிந்து நிற்கும் குட்டை எல்லாம் இதன் வீடு. கற்கள் நிறைந்த மலையடிவார ஓடைகளிலும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகள்தான் முக்கியப் பகுதி என்றாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஓடைகளிலும் பதிவாகியிருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இந்தியாவில் இந்த மீனின் இயற்கை வாழ்க்கையை ஊர் ஊராகப் போய்ப் பார்த்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையத்தைச் சேர்ந்த எம். அருணாசலமும் அவரது சகாக்களும் செய்தது. 2013-ல் வெளியானது.

சாப்பாடு: பூச்சிகள், பூச்சிப் புழுக்கள், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள். கொசுப் புழுவும் இதில் அடக்கம். இதைச் சாப்பிடுபவை: விரால் வகைகள், கெளுத்தி வகைகள், ஊசி மாதிரி மூக்கு நீண்ட கொக்கு மீன், நீர்ப்பறவைகள்.

இனப்பெருக்கம் மழைக்காலத்தை ஒட்டியது. பருவமழையில் ஓடை கரை தாண்டிப் பரவும்போது, புதுசாக முங்கிய ஆழமில்லாத ஓரங்களில் விடியற்காலையில் முட்டையிடும். ஒரு முட்டையின் விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். இட்டதோடு சரி, தாயும் தகப்பனும் காவல் காப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளிவரும்.

லேபில் இரண்டு மூன்று வருஷம் வாழும் இந்த மீன், இயற்கையில் பெரும்பாலும் ஒரே வருஷத்தில் வாழ்ந்து முடித்துவிடுகிறது என்று வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. இதன் அர்த்தம் பெரிசு. இந்த வருஷம் ஓர் ஓடையில் முட்டையிடும் காலம் பொய்த்துப்போனால், அடுத்த வருஷத்துக்குக் கையிருப்பு என்று பழைய மீன்கள் அதிகம் இருக்காது. சேமிப்பே இல்லாமல் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் மாதிரி. ஒரு மாதம் தவறினாலே திண்டாட்டம்தான்.

கூட்டமாக ஏன் திரிகிறது?

தனி மீனைக் குறிவைப்பது வேட்டையாடிக்குச் சுலபம். ஒரே மாதிரிக் கோடு போட்ட நூறு மீன் சேர்ந்து திரும்பினால் எதைப் பிடிப்பது என்று குழம்பும். கூடவே, நூறு ஜோடிக் கண்கள் ஆபத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஆனால் ‘ஜீப்ரா மீன் கூட்டமாக வாழும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. 2016-ல் வெளியான ஒரு கள ஆய்வு, இந்திய நீர்நிலைகளில் இவை எப்படிக் கூடுகின்றன என்று பார்த்தது. அதன் முடிவுகளைச் சுருக்கினால்:

- தேங்கிய தண்ணீரில்: உடம்பு சின்னது. 22 மீன் வரை நெருக்கமான கூட்டம். சண்டை மிகக் குறைவு.
- மத்திய இந்தியாவில், மெதுவாக ஓடும் தண்ணீரில்: சராசரி நீளம் 27 மில்லிமீட்டர். 4 முதல் 12 மீன் கொண்ட சிறு கூட்டங்கள். பெரும்பாலும் வேறு சின்ன மீன்களோடு கலந்து திரியும். தேங்கிய தண்ணீர் மீன்களைவிட முரட்டுத்தனம் அதிகம்.
- வேகமாக ஓடும் ஆற்றில்: சராசரி 21 மில்லிமீட்டர். 300 மீன் வரை இறுக்கமான பெருங்கூட்டம். எல்லாம் ஒரே திசையில், நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். சண்டை கிட்டத்தட்ட இல்லை.

ஒரே இனம், மூன்று விதமான சமூக வாழ்க்கை. நடத்தையைப் படிக்கும் விஞ்ஞானிக்கு இது பொக்கிஷம். ஒரே அளவுத் தொட்டி, ஒரே 28.5 டிகிரி வெப்பம், ஒரே நேரத்துக்கு உணவு என்று வைத்திருக்கும் லேபில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது.

கூட்டத்தில் இன்னொரு ரகசியமும் உண்டு. கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1938-ல் ஐரோப்பிய மின்னோ மீன்களில் ஒன்றைக் கவனித்தார். ஒரு மீனின் தோலில் காயம் பட்டால், அதிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஏதோ ஒரு பொருளை உணர்ந்து மற்ற மீன்கள் பதறி ஒதுங்கின. ‘அபாய வாசனை’ என்று சொல்லலாம். ஜீப்ரா மீனிலும் இது உண்டு. தூண்டில் போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. ஏன் என்று கீழே வரும்.

லேப் மீனும் ஓடை மீனும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் கட்டுரையின் முக்கியமான இடமே இதுதான்.

ஜீப்ரா மீனில் ஆண், பெண் எப்படித் தீர்மானமாகிறது என்ற அடிப்படைக் கேள்வி ரொம்ப வருஷம் விஞ்ஞானிகளைப் படுத்தியது. மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தாயிற்று. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதியாயிற்று. ஆனால் மனிதரின் எக்ஸ், ஒய் போல ஒரு தெளிவான பாலினக் குரோமோசோம் சிக்கவே இல்லை.

2014-ல் விடை வந்தது. நதியா, கூச் பிஹார் பகுதிகளிலிருந்து பிடித்துவந்த மீன்களின் வம்சங்களையும், இன்னும் சில வம்சங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓடையிலிருந்து வந்த வம்சங்களில் 4-வது குரோமோசோமின் ஒரு முனையில் பாலினத்தைத் தீர்மானிக்கும் பகுதி தெளிவாக இருந்தது. பறவைகளைப் போல, இங்கே வேறுபட்ட குரோமோசோம் பெண்ணிடம் இருந்தது. உலகம் முழுக்கப் புழங்கும் ஏபி, டியூபிங்கன் என்ற இரண்டு பிரபல லேப் வம்சங்களில் அந்த அடையாளத்தைக் காணோம்.

நடந்தது என்ன? வளர்ப்பு மீன் கடையிலிருந்து வந்த கொஞ்சம் மீன்களிலிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாக லேபுக்கு ஏற்ற மாதிரி வளர்த்ததில், இயற்கையான பாலின முறையே தொலைந்துபோயிருக்கிறது. உலகின் மிக நவீன ஆய்வகங்கள் பல வருஷம் தேடிய விடை, வங்காளத்து ஓடையில் நீந்திக்கொண்டிருந்தது.

டெல்லியில் உள்ள சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி நிறுவனமும் இதே திசையில் ஒரு முக்கிய வேலை செய்திருக்கிறது. அசாமிலிருந்து எடுத்த காட்டு ஜீப்ரா மீனின் மரபணுத் தொகுப்பை அவர்கள் படித்தார்கள். லேப் மீனின் தொகுப்போடு ஒப்பிட்டபோது, 52 லட்சத்துக்கும் அதிகமான ஒற்றை எழுத்து வேறுபாடுகள் கிடைத்தன. மூல நூலில் இத்தனை எழுத்துகள் வேறாக இருக்க, நாம் பெரும்பாலும் படிப்பதோ ஒரு சில பிரதிகளை மட்டும்.

அப்படியென்றால் ஓடையில் இருக்கும் மீன் வெறும் அழகுப் பொருள் இல்லை. மருந்து, நோய், நடத்தை என்று நாளைக்கு எழப்போகும் கேள்விகளுக்கான விடைகளில் சில, அந்த வேறுபாடுகளுக்குள் இருக்கலாம். ஓர் ஓடையின் மீன்கள் அழிந்தால், இனம் அழியாவிட்டாலும் அந்த ஓடைக்கே உரிய வேறுபாடு போய்விடும்.

ஆபத்தில் இருக்கிறதா?

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் இந்த மீன் ‘குறைந்த கவலை’ என்ற வகையில் இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் இந்த வகைப்பாட்டைக் கவனமாகப் படிக்கணும். பரவலாக இருக்கிறது, இனமாக உடனடி அபாயம் இல்லை என்று மட்டுமே அது சொல்கிறது. ஓடை ஓடையாக எண்ணிப் பார்த்தார்கள் என்றோ, எல்லா ஊரிலும் நலமாக இருக்கிறது என்றோ அது சொல்லவில்லை.

டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. எக்செல் ஷீட்டில் ‘0’ என்று இருக்கும் செல்லும், காலியாக இருக்கும் செல்லும் ஒன்றில்லை. முதலாவது ‘தேடினோம், கிடைக்கவில்லை’. இரண்டாவது ‘தேடவே இல்லை’. இந்தியாவின் சின்ன நன்னீர் மீன்களின் வரைபடத்தில் இரண்டாவது வகைக் காலியிடங்கள் ஏராளம். விற்கும் மீன், சாப்பிடும் மீன் என்றால் சந்தைக் கணக்காவது இருக்கும். 3 சென்டிமீட்டர் மீனுக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. ஒரு மீன் காணாமல் போனதைச் சொல்ல, முன்பு அது அங்கே இருந்தது என்ற பதிவு முதலில் வேண்டும்.

அழுத்தங்களோ நிஜமானவை. நெல் வயலும் வாய்க்காலும்தான் வீடு என்றால், அங்கே தெளிக்கும் பூச்சிக்கொல்லி நேராக வீட்டுக்குள் வருகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினால், மழைக்காலத்தில் முட்டையிடும் ஆழமில்லாத ஓரமே இல்லாமல் போகிறது. கொசுவை ஒழிக்க 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்ற அயல் மீன் இன்று நாடு முழுக்கப் பரவி, உள்ளூர்ச் சின்ன மீன்களோடு இரைக்குப் போட்டி போடுகிறது. கொசுப் புழு தின்னும் சொந்த ஊர் மீன்கள் இருக்கும்போதே நடந்த கதை இது.

மைக்ரோஃபிஷிங் இதில் எங்கே வருகிறது?

தூண்டில் என்றாலே ‘எவ்வளவு பெரிய மீன்’ என்பதுதான் பெருமை. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐஜிஎஃப்ஏ-வின் எடைச் சாதனைப் பட்டியலில் இடம்பெறவே மீன் குறைந்தது 1 பவுண்டு, அதாவது சுமார் 453 கிராம் இருக்கணும். ஒரு ஜீப்ரா மீன் அரை கிராம் என்று வைத்தாலும், அந்தக் குறைந்தபட்ச எடைக்கு 900-க்கும் மேற்பட்ட மீன் தேவை!

மைக்ரோஃபிஷிங் இந்தப் பெருமையைத் தலைகீழாக்குகிறது. எவ்வளவு சின்ன மீன், எத்தனை வகை மீன் என்பதுதான் இங்கே கணக்கு. இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. ‘தனாகோ’ என்ற உள்ளங்கைக்குள் அடங்கும் மீனை, கையால் தீட்டிய மிகச் சின்ன முள்ளில் பிடிப்பது எடோ காலத்திலிருந்தே அங்கே ரசனையான பொழுதுபோக்கு. கடந்த பத்து பதினைந்து வருஷத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. பறவை பார்ப்பவர்கள் பட்டியல் வைத்திருப்பதைப் போல, இவர்கள் மீன் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் இது முழுக்கப் புதுசு இல்லை. சின்ன வயசில் வாய்க்காலில் துண்டை விரித்து மீன் குஞ்சு பிடித்து, பாட்டிலில் விட்டு வேடிக்கை பார்த்த தலைமுறைதான் நாம். வித்தியாசம், இப்போது பார்த்ததைப் பதிவும் செய்கிறோம்.

அரை கிராம் மீனை எப்படிப் பிடிப்பது?

கருவிகள் எளிமையானவை. ஒன்றிரண்டு மீட்டர் நீளமுள்ள இலேசான தூண்டில் குச்சி, முடி போல மெல்லிய நரம்பு, குன்றிமணி அளவு தக்கை, அரிசி நுனியளவே வளைவுள்ள முள். இரைக்கு மண்புழுவின் ஒரு துணுக்கு அல்லது கடுகளவு மாவு. ஜீப்ரா மீனுக்கு மேல்நோக்கிய வாய் என்பதால் இரையை அடியில் போட்டால் பலன் இல்லை. மேல்மட்டத்தில் மெதுவாக மிதந்து வரணும்.

பிடித்த பிறகு நடப்பதுதான் முக்கியம். சில அடிப்படை விதிகள்:

- முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது. இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள்.
- உலர்ந்த கையால் தொடாதீர்கள். மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பான படலம்தான் அதன் முதல் கவசம். கையை முதலில் நனைக்கணும்.
- ஓடைத் தண்ணீரையே நிரப்பிய சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பக்கவாட்டில் ஒரு படம். பிறகு உடனே பிடித்த இடத்திலேயே விடுதல்.
- நண்பகல் வெயில் நேரத்தைத் தவிருங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. பிடிபட்ட மீன் சீக்கிரம் துவண்டுவிடும்.
- மழைக்காலத்தில் முட்டையிடும் ஓரங்களை மிதிக்காதீர்கள். 0.7 மில்லிமீட்டர் முட்டை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மேலே சொன்ன அபாய வாசனை நினைவிருக்கிறதா? ஒரு மீனின் தோல் கிழிந்தாலே மொத்தக் கூட்டமும் பதறி ஒதுங்கும். கவனமாகக் கையாள்வது மீனுக்கும் நல்லது, உங்கள் தூண்டிலுக்கும் நல்லது. அரை கிராம் உடம்பில் எவ்வளவு சின்ன முள்ளும் காயம்தான் என்பதையும் ஒத்துக்கொள்ளணும். முள்ளே வேண்டாம் என்று நினைப்பவர்கள் கரையில் அமைதியாக உட்கார்ந்து, போனைத் தண்ணீருக்கு மேலே பிடித்து வீடியோ எடுத்தாலும் பதிவு பதிவுதான்.

இந்தியாவில் இதற்கு அனுமதி உண்டா?

ஒரே வரி பதில் இல்லை. அரசியலமைப்பின்படி உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் வருகிறது. எனவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள் அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பல குளங்கள், ஏரிகள் மீன்பிடிக் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரையோ வயல்காரரையோ கேட்காமல் இறங்காதீர்கள். இன்னொன்று: வெளிநாட்டு நண்பர் ஆராய்ச்சிக்காக மீன் எடுத்துப்போக வேண்டும் என்றால், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

என் ஒரு போட்டோவால் என்ன ஆகிடப்போகுது?

ஒரு படம், ஒரு தேதி, ஓர் இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது தரவு. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றினால், இனத்தை அடையாளம் காண மற்றவர்கள் உதவுவார்கள்.

அடையாளம் சரியாக இருக்க என்ன பார்க்கணும்? ஜீப்ரா மீனின் கோடுகள் உடம்போடு நிற்காமல், வால் துடுப்பிலும் அடிப்பக்கத் துடுப்பிலும் தொடரும். தென்னிந்திய ஓடைகளில் அதிகம் தென்படும் மலபார் தானியோ இதைவிடப் பெரிசு. செவுளுக்குப் பின்னால் மஞ்சள் நிறச் செங்குத்துக் கோடுகள் இருக்கும். ராஸ்போரா வகை மீனில் உடம்பின் நடுவே ஒரே ஒரு கருங்கோடு. பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்திருக்கும்போது படம் எடுத்தால் இந்த வித்தியாசங்கள் தெளிவாகத் தெரியும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. துணிச்சலான, பசித்த மீன்தான் முதலில் கடிக்கும். அதனால் தூண்டிலில் வந்ததை வைத்து ஓடையில் எத்தனை மீன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. ‘இந்த மீன் இங்கே இருக்கிறது’ என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். கூடவே ‘ஒரு மணி நேரம் முயன்றேன், கிடைக்கவில்லை’ என்பதையும் குறித்துவையுங்கள். காலி செல்லைப் பூஜ்யமாக மாற்றும் குறிப்பு அது. பத்து வருஷம் கழித்து அதன் மதிப்பு தெரியும்.

ஓர் எச்சரிக்கை. எல்லா மீனுக்கும் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடக் கூடாது. கேரள ஆறுகளின் அழகு மீனான ‘மிஸ் கேரளா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அச்சுறுத்தலில் உள்ள 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த சுமார் 15 லட்சம் மீன்கள் அலங்கார மீன் வணிகத்துக்காக ஏற்றுமதியானதாக 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் 3.1 லட்சத்துக்கும் மேல் மிஸ் கேரளாவும் அதன் நெருங்கிய உறவு மீனும்தான். அரிய மீனின் இருப்பிடத்தைப் பதிவிடுவது, வலை வைத்திருப்பவருக்கு வழி சொல்வதாக ஆகிவிடலாம். அத்தகைய இனங்களுக்கு இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு.

வீட்டுத் தொட்டியில் இருக்கும் மீனை ஓடையில் விடலாமா?

கூடவே கூடாது. நல்ல மனசோடு செய்தாலும் கூடாது. கடை மீன்களின் மரபணு, ஓடை மீன்களோடு கலந்தால் நாம் காப்பாற்ற நினைக்கும் வேறுபாடே கரைந்துபோகும். நோயும் கூடவே போகலாம். மரபணு மாற்றி ஒளிரவைத்த ஜீப்ரா மீன்கள், பண்ணைகளிலிருந்து தப்பி பிரேசிலின் அட்லாண்டிக் காட்டு ஓடைகளில் இனப்பெருக்கம் செய்வதை 2022-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது அந்த மீனின் சொந்த ஊர்கூடக் கிடையாது. சொந்த ஊரான இந்தியாவில் அப்படி நடந்தால், காட்டு மீன்களோடு நேரடியாகவே கலந்துவிடும். இங்கே மரபணு மாற்றிய உயிரினங்களை அரசின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் 1989-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. கடையில் பளபளவென்று மின்னும் ‘ஜீப்ரா’வைப் பார்த்தால் வாங்கும் முன் யோசியுங்கள்.

சுருக்கமாக

மனிதரின் இதயம், மூளை, நோய் பற்றிப் படிக்க உலகம் தேர்ந்தெடுத்த மீன்களில் ஒன்று நம் நெல் வயல் வாய்க்காலைச் சேர்ந்தது. லேப் மீன்கள் தொலைத்துவிட்ட சில விஷயங்களை ஓடை மீன்கள் இன்னும் வைத்திருக்கின்றன. ஆனால் எந்த ஓடையில் எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதற்கான கணக்கு நம்மிடம் இல்லை.

அடுத்த முறை கொல்கத்தாவுக்கோ குவாஹாட்டிக்கோ ஆபீஸ் வேலையாகப் போனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓரம் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கோடு போட்ட குட்டி மீன்கள் கூட்டமாகத் திரும்பினால் ஒரு படம் எடுங்கள். எதுவும் வரவில்லை என்றால், அதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.